அல்ஃப் டானரை மறந்தவள்

குருநகர்
12.01.2025

அன்புள்ள தங்கச்சி றொசாந்திக்கு,

அண்ணன் றோய் எழுதுவது. நானும் அம்மாவும் ஆண்டவர் தயவில் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கனடாவில் இருக்கிற மாமி ஒவ்வொரு நாளும் வீடியோவில் வந்து அம்மாவின் கறிச்சட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார். கோப்பாயில் இருக்கிற உனக்கு நான் முத்திரை ஒட்டுகிறேன். மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலம்கூட ஆகாத இடம்! நவகன்னியர் மடத்தில் போன் கூடாது, ஆட்கள் வந்து பார்க்கக் கூடாது, நீ எழுதுவதென்றால் மாதம் ஒரு கடிதம், வருவதையும் போவதையும் மதர் வாசிப்பார். இது என்ன சட்டம் என்று எனக்கு விளங்கவில்லை. மதர், நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். குறை நினைக்க வேண்டாம்.

விடயத்துக்கு வருகிறேன். ஓகஸ்டில் எங்கள் ரொக் இரசிகர் வட்டத்தின் போட்டி. வழக்கம்போல மானிப்பாயில், கூல் பாரின் மேல்மாடியில், போன்களை எல்லாம் வாளிக்குள் போட்டுவிட்டு இருவர் இருவராக இருந்து விடை சொல்ல வேண்டும். போன மூன்று முறையும் நீயும் நானும்தான் வென்றோம். நானும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். விடை சொன்னது நீ, சோடா குடித்தது நான். இந்த முறை உன் இடத்தில் தனோஜன். என்னோடு படகு இன்ஜின் திருத்துகிறவன். கிற்றாருக்கு எத்தனை நரம்பு என்று கேட்டாலும் யோசிக்கிறான். எதிர் அணியில் இருக்கிற அந்தத் தேனுஜன் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

ஆகவே நீ அங்கிருந்தே எனக்கு உதவி செய். முதலில் உனக்கு மறதி வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு இலேசான கேள்வி. றஸ்ரி பிஷப்ஸின் இரண்டாவது இசைத்தட்டில் முதல் பாட்டுக்கு ட்றம்ஸ் அடித்தது யார்?

செப்டெம்பர் எட்டாம் திகதி உனக்குக் கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இடையில் மனம் மாறினால் ஒரு வரி எழுது, ஓட்டோவோடு வந்து நிற்பேன்.

உன் அண்ணன்,
றோய்


யேசு மரி சூசை

கோப்பாய்
02.02.2025

அன்புள்ள அண்ணை,

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க ஒவ்வொரு நாளும் செபிக்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி? எண்ணெய் தடவிவிட்டு உடனே குளிர்தண்ணீரில் நிற்கவேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

இங்கே மழை விட்டுவிட்டது. நாங்கள் ஆறு பேரும் வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்குகிறோம். கோப்பாய்ச் செம்மண் நகத்துக்குள் போனால் இலேசில் வராது. கடற்கரைப் பிள்ளைக்குத் தோட்டம் தெரியாது என்று முதலில் பகிடி பண்ணினார்கள், இப்போது என் பாத்திதான் நேராக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மதர் என்னைக் கூப்பிட்டார். "றொசாந்தி, உந்த பிஷப்மார் எந்த மறைமாவட்டம்?" என்று கேட்டார். அது இங்கிலாந்தில் ஒரு பாட்டுக் கோஷ்டி, பெயரின் பொருள் துருப்பிடித்த ஆயர்கள் என்று சொன்னேன். மதர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு, "அண்ணை கலியாணம் கட்டினவரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

உங்கள் கேள்விக்கு விடை: டெனிஸ் கோல்.

மனம் மாறுவது பற்றி எழுதியிருந்தீர்கள். அண்ணை, நான் இங்கே வந்தது உங்களோடு கோபித்துக்கொண்டு அல்ல. அதைப் பற்றி நீங்கள் ஒரு முறையாவது என்னிடம் கேட்டால் சொல்வேன்.

அன்புத் தங்கை,
றொசாந்தி


குருநகர்
09.02.2025

றொசா,

டெனிஸ் கோலா? டெனிஸ் கோலா!

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படகு திருத்தும் வாடியில் அப்படியே இருந்துவிட்டேன். தனோஜன் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தான். டெனிஸ் கோல் அப்போது ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். சாமான் ஏற்றி இறக்க வந்த வான் சாரதி அல்ஃப் டானர் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து அடித்தான். உலகத்திலேயே அந்த மனுசன் அடித்த ஒரே ஒரு பாட்டு அது. இதை எனக்குச் சொல்லித் தந்தது யார்? பதின்மூன்று வயதில் நீ! அந்தப் பெயரைத்தானே எங்கள் பூனைக்கு வைத்தாய். டானர், டானர் என்று நீ கூப்பிட, அது யாரோ வெள்ளைக்காரப் பாதிரியார் என்று பக்கத்து வீட்டு அன்ரி நினைத்தாரே, அதுவுமா மறந்துபோனது?

சரி. காய்ச்சலோ என்னவோ. இன்னொரு தடவை பார்ப்போம். அவர்களின் ஆக நீளமான பாட்டின் தொடக்கத்தில் கடகட என்று ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன? இதற்கும் பிழையாகச் சொன்னால் எனக்கு விசர் பிடிக்கும்.

அம்மாவின் முழங்கால் அப்படியே. நான் சாப்பிடுகிறேன்.

றோய்


யேசு மரி சூசை

கோப்பாய்
02.03.2025

அன்புள்ள அண்ணை,

நான் சுகம். காய்ச்சல் ஒன்றும் இல்லை. அங்கே வெயில் ஏறிவிட்டதா? இன்ஜின் திருத்தும்போது தொப்பி போடுங்கள்.

புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. உயிர்த்த ஞாயிறு முடியும் வரை நாங்கள் கடிதம் எழுதமாட்டோம். பதில் வரவில்லை என்று துடிக்கவேண்டாம். அதற்கு முன்பு முக்கியமான விடயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வார்த்தைப்பாட்டுக்கு முன்பு, பிள்ளையை மனமுவந்து தருகிறோம் என்று வீட்டார் ஒரு கடிதம் கொடுப்பது எங்கள் சபையில் வழக்கம். அப்பா இல்லாதபடியால் அம்மாவும் நீங்களும் எழுதவேண்டும். அம்மா தைப்பொங்கலுக்கே அனுப்பிவிட்டார். உங்களுடையது மட்டும்தான் வரவில்லை. பெரிய கடிதம் தேவையில்லை. இரண்டு வரி போதும்.

கடகட சத்தம்: ரயில்.

அன்புத் தங்கை,
றொசாந்தி


குருநகர்
09.03.2025

றொசா,

ரயிலா! தையல் மெசின்! கிற்றார்காரனின் பெரியம்மா பக்கத்து அறையில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்ல அவனுக்குப் பயம். அப்படியே பதிவு பண்ணினார்கள். எங்கள் அம்மா மெசினில் உட்காரும்போதெல்லாம் "பாட்டுத் தொடங்கப் போகுது" என்று நீ சொல்வாய். அம்மாவிடம் கேட்டேன், அம்மாவுக்கே நினைவு இருக்கிறது. அம்மாவுக்கு!

உனக்கு அங்கே என்ன நடக்கிறது? நித்திரை கொள்ள விடுகிறார்களா? ஒருதரம் பிழை வரலாம், இரண்டுதரமும் வருமா? நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஆள் நீ.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இது குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கச்சேரியைப் பாதியில் நிறுத்தினார்களே, ஏன்? நோன்பு முடிந்த கையோடு பதில் போடு. யோசித்து எழுது. மிச்சம் எனக்கு விளங்கும்.

றோய்


யேசு மரி சூசை

கோப்பாய்
27.04.2025

அன்புள்ள அண்ணை,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். நான் சுகம். அம்மாவுக்கு என் முத்தம். வெங்காயம் கிண்டி அறுவடை செய்கிற நாட்கள், அவசரமாக எழுதுகிறேன். அந்த இரண்டு வரி இன்னும் வரவில்லை.

கச்சேரி நின்றது மழையால்.

றொசாந்தி


யேசு மரி சூசை

கோப்பாய்
04.05.2025

அண்ணைக்கு,

மதர் விசேட அனுமதி தந்தபடியால் இன்று எழுதுகிறேன். நான் சுகம். உங்களுக்குத்தான் என்ன வருத்தம் என்று தெரியவில்லை.

நேற்றுக் காலையில் நடந்ததை நீங்களே வாசித்துப் பாருங்கள், மற்றவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று விளங்கட்டும். தனோஜன் அண்ணையின் ஓட்டோ மடத்துப் படலைக்கு முன்னால் வந்து ஹோர்ன் அடிக்கிறது. நிறுத்தாமல் அடிக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நாகலிங்கம் ஐயா வேடிக்கை பார்ப்பதற்காக மெசினையே நிறுத்திவிட்டார். மதர் போய், "தம்பி, என்ன பிரச்சினை?" என்று கேட்கிறார்.

"பிரச்சினை என்னெண்டு நீங்கள்தான் சொல்லவேணும் மதர்! என்ரை தங்கச்சியை என்ன செய்து வைச்சிருக்கிறியள்? அவள் அல்ஃப் டானரை மறக்கமாட்டாள்!"

"ஆர் அவர்? உங்கடை சொந்தக்காரரோ?"

"மூண்டு கேள்வி மதர், மூண்டும் பிழை! நாய் மேடையிலை ஏறினதாலை நிண்ட கச்சேரியை மழை எண்டு எழுதிறாள்! நீங்கள் வாசிக்கிறியள் எண்டு தெரிஞ்சு, எனக்கு விளங்கிற மாதிரிப் பிழையா எழுதிறாள். காப்பாத்து எண்டு சொல்லுறாள்!"

நான் கத்தரிக் கன்று நட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் குரல் கேட்டதும் அப்படியே எழும்பி ஓடி வந்தேன். என்னைக் கண்டதும் நீங்கள் கொஞ்ச நேரம் வாயடைத்து நின்றீர்கள். நல்லது, விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பிறகு முன்னையதைவிடப் பெரிதாகக் கத்தத் தொடங்கினீர்கள். "ஏறு ஓட்டோவிலை! அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன், ஏறு!" நாகலிங்கம் ஐயா வேலிக்கு மேலால், "பிள்ளை, உன்ரை அண்ணையோ? குடிச்சு வெறியோ?" என்று கேட்டார். வெறி இல்லை ஐயா, ரொக் என்று நான் எப்படிச் சொல்வது?

அண்ணை, நான் மறந்துவிட்டேன். அவ்வளவுதான். அடையாளமும் இல்லை, இரகசியமும் இல்லை. இங்கே எங்களை யாரும் வதைக்கவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படி இப்படியெல்லாம் தோன்றுகிறது?

இதனால் என்ன வந்தது என்று சொல்கிறேன். மதர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு, உங்கள் கடிதம் வராமல் செப்டெம்பரில் எனக்கு வார்த்தைப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டார். மற்ற ஐந்து பேரும் போவார்கள். நான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

றொசாந்தி


குருநகர்
12.05.2025

றொசா,

நாங்கள் சுகம்.

வாசலில் கத்தியது பிழைதான். தனோஜனும் சொன்னான், அம்மா அதைவிடக் கூடச் சொன்னார், மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் நீ மறந்துவிட்டாய் என்பதை நான் நம்பமாட்டேன். ஒருவருக்கு வீட்டு வாசல் மறக்குமா? உண்மையிலேயே ஒன்றும் இல்லையென்றால் இதற்கு மட்டும் விடை சொல்லு: பிஷப்ஸ் பிரிந்த அன்று கடைசியாக ஒன்றாக இருந்து சாப்பிட்டது எந்தக் கடையில்?

இதற்குச் சரியாக எழுதினால் நான் மதருக்கு எழுதுகிறேன்.

றோய்


கோப்பாய்
08.06.2025

அன்புள்ள தம்பி றோய் அவர்களுக்கு,

இறை ஆசீர். தாயாரின் முழங்கால் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தை றொசாந்தியிடம் கொடுக்கவில்லை. அதற்கு மன்னிக்கவும். ஒரு பிள்ளையின் இறை அழைத்தலைச் சாப்பாட்டுக் கடையின் பெயரை வைத்து முடிவுசெய்ய எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடிதங்களை வாசிப்பது என் கடமை. விருப்பமில்லாமல் வாசித்தேன் என்று சொன்னால் பொய். தையல் மெசின் விடயம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இத்தனை கடிதத்திலும் நீங்கள் உங்கள் தங்கையிடம் கேட்டவை எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே விடை தெரிந்த கேள்விகள். உங்களுக்குத் தெரியாத எதையும் அவளிடம் கேட்கவில்லை.

அவளுக்கு இருபத்துநான்கு வயது. உங்கள் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. இருந்தும் படலையில் அண்ணன் நின்று கத்துகிற பிள்ளையைப் பலிபீடத்தின் முன் நிறுத்த நான் அவசரப்படமாட்டேன். ஓகஸ்ட் பதினைந்தாம் திகதி மாதா திருநாளன்று பெயர்களை மேலிடத்துக்கு அனுப்பவேண்டும். அதுவரை காத்திருக்கிறேன்.

கிறிஸ்துவில்,
சகோதரி அற்புதராணி


யேசு மரி சூசை

கோப்பாய்
06.07.2025

அன்புள்ள அண்ணை,

நான் சுகம். நீங்கள் சுகமா? உண்மையாகவே கேட்கிறேன். இரண்டு மாதமாக உங்களிடமிருந்து எனக்கு ஒரு சத்தமும் இல்லை. அம்மா எழுதினார். நீங்கள் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடுகிறீர்களாம், பாட்டுக்கூடப் போடுவதில்லையாம்.

எனக்கு அலுத்துப்போய்விட்டது அண்ணை. நாலு மாதம் கெஞ்சிவிட்டேன். இங்கே மற்றவர்கள் வார்த்தைப்பாட்டுக்குச் சேலை அளவு கொடுக்கிறார்கள். என்னைத் தையல்காரி, "உங்களுக்கு எப்ப?" என்று கேட்கிறார். அண்ணையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சிரித்துச் சமாளிக்கிறேன். பிறகு கிணற்றடியில் போய் அழுகிறேன்.

உங்களுக்குக் கோபம் வந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மறந்தது எனக்குக் கவலையாக இல்லை. நீங்கள் கேள்வி அனுப்பும்போது யோசித்துப் பார்ப்பேன். விடை இருந்த இடம் தெரியும், அங்கே போனால் ஒன்றும் இருக்காது. முதலில் பயந்தேன். பிறகு பழகிவிட்டது. நாள் முழுக்கச் சங்கீதம் பாடுகிறோம், பாத்தி கொத்துகிறோம், என் தலைக்குள் வேறு ஆட்கள் வந்து குடியிருக்கிறார்கள். பொய்யாகவாவது ஒரு விடையை எழுதினால் நீங்கள் சந்தோசப்படுவீர்கள் என்று நினைத்துத்தான் தோன்றியதை எழுதினேன். தெரியாது என்று எழுதியிருக்கவேண்டும். அது என் பிழை.

அந்தப் பாட்டுகள் உங்களிடம் இருக்கட்டும். நான் அவற்றை வெறுக்கவில்லை. ஆனால் நான் அவற்றை மறந்தால் உங்களையும் மறந்துவிட்டேன் என்று எப்படி முடிவுகட்டினீர்கள்? எனக்கு வேண்டியது இரண்டு வரி. எழுதமாட்டேன் என்றால் அதையாவது எழுதுங்கள். நீங்கள் இப்படிப் பேசாமலிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்புத் தங்கை,
றொசாந்தி


குருநகர்
10.08.2025

அன்புள்ள றொசா,

அம்மா சுகம். முழங்கால் பரவாயில்லை, நேற்றுச் சந்தைக்கு நடந்தே போய் வந்தார். நான் சுகம் என்று எழுதி எழுதி நாலு கடதாசியைக் கிழித்துவிட்டேன், ஆகவே அதை விடு.

நேற்றுப் போட்டி நடந்தது. தேனுஜன் வென்றான். எங்களுக்குக் கடைசி இடம். தனோஜனைப் பேச வாய் எடுத்தேன், பிறகு பேசவில்லை. அவனுக்குத் தெரியாத விடைகளை எனக்குத் தெரிந்தும் நான் சொல்லவில்லை. பக்கத்தில் நீ இல்லாமல் சொல்ல விருப்பம் வரவில்லை. மாடிப்படி இறங்கும்போது தேனுஜன் தோளில் கை போட்டு, "அண்ணை, றொசாந்தி அக்கா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டான். அவனோடு நான் சண்டை பிடிக்கத் தயாராக இருந்தேன், இதற்குத் தயாராக இல்லை. "சந்தோசமா இருக்கிறாள்" என்றேன். சொன்ன பிறகுதான் அதை முதல் தரம் வாயால் சொன்னேன் என்று விளங்கியது.

மதர் எழுதியது சரி. எனக்குத் தெரியாததை உன்னிடம் கேட்கப் பயம். நீ பிறந்த நாளிலிருந்து நாங்கள் கதைத்தது முழுக்கப் பாட்டைப் பற்றித்தான். அப்பா செத்த அன்றும் வள்ளத்தடியில் இருந்து ட்றம்ஸ்காரன்களின் பெயரைத்தான் மாறி மாறிச் சொன்னோம். அது போனால் உன்னோடு எதைக் கதைப்பது என்று எனக்குத் தெரியாது. அம்மாவோடு மீனைப் பற்றிக் கதைக்கலாம், தனோஜனோடு இன்ஜினைப் பற்றிக் கதைக்கலாம், உன்னோடு எனக்கு வேறு பேச்சு இல்லை.

அன்றைக்குப் படலையில் நான் ஏன் கொஞ்ச நேரம் நின்றேன் என்று நீ கேட்கவில்லை. நீ ஓடி வந்தாய். கை இரண்டும் செம்மண், முக்காடு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. என்னைக் கண்டு சிரிக்கிறாய் என்று நினைத்தேன். இல்லை. அந்தச் சிரிப்பு என்னைக் காண முதலே உன் முகத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் உன்னை நான் அப்படிப் பார்த்ததில்லை, போட்டியில் வென்ற நாளிலும் பார்த்ததில்லை. உனக்கு ஒரு குறையும் இல்லை, காப்பாற்ற ஒன்றும் இல்லை என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபடியால்தான் இன்னும் பெரிதாகக் கத்தினேன்.

இதோடு மதருக்கு எழுதிய துண்டையும் வைத்திருக்கிறேன். பதினைந்துக்கு முன்பு வந்து சேரவேண்டும் என்று தனோஜன் இப்போதே ஓட்டோவில் கொண்டுவருகிறான். ஹோர்ன் அடிக்கமாட்டான், சத்தியம் வாங்கிவிட்டேன்.

உன் அண்ணன்,
றோய்


மதர் அற்புதராணி அவர்களுக்கு,

மனமுவந்து என்று எழுதவேண்டுமாம். இரண்டு மாதம் முயன்று பார்த்தேன், மனம் உவக்கவில்லை. உவக்கும்வரை காத்திருந்தால் செப்டெம்பர் போய்விடும், அவள் அழுவாள். ஆகவே மனம் நோக நோக எழுதுகிறேன்: என் தங்கச்சி றொசாந்தியைத் தருகிறேன். இதை ஏற்றுக்கொள்ளுங்கள். மழையில் நனைந்தால் அவளுக்கு இருமல் வரும், தானாகச் சொல்லமாட்டாள், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அ. றோய்